வெளியில் ஓர் இலை

ஆடி அமாவாசை நண்பகல். செத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, ஆவி பறக்கும் சோற்றை இலைகளில் படைக்கிறாள் சௌந்திரம். கடைசி இலையை மட்டும், மாமியார் செய்தபடியே, நிலைப்படிக்கு வெளியே வெயிலில் விரிக்கிறாள். அதற்கு யாரையும் அழைப்பதில்லை. பழைய கிரயப் பத்திரத்தின் நகலோடு நிற்கிறான் மகன் கதிர்வேல். "அம்மா, நம்ம காட்டு நிலத்தை வாங்குன பத்திரத்துல பாட்டனோட சேர்த்து மாரக்காள்னு ஒரு பேரு இருக்குதுங்க. தம்மம்பட்டி வரைக்கும் விசாரிச்சுட்டேன். நம்ம சொந்தத்துல அப்படி ஆருமே இல்லீங்களாமா. இந்த இலை அவங்களுக்குங்களா?" கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. பருப்பு தரையில் சொட்டுகிறது. "பேரை ஏஞ்சாமி சொல்லிப்போட்ட?" என்கிறாள் சௌந்திரம், குரல் எழாமல். "கூப்பிட்டா உள்ள வந்துருவாளே." வெளியே காற்றில்லை. வெயிலில் இலையின் நுனி அசைகிறது. சௌந்திரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழி விடுகிறாள்.