மூன்றாம் நம்பர் டப்பா

"இவர் இல்லை. வேற ஆள்," என்றாள் அந்தப் பெண்.

பவுடர்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பிணவறையில் இறந்தவர்களின் முகத்தைத் திருத்தி, சொந்தக்காரர்கள் பயப்படாமல் பார்க்கும்படி ஆக்கித் தருவது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைப் பவுடர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மிடம் வருகிறவர்கள் யாரும் கண்ணாடி கேட்பதில்லை என்று அவரே கேலி செய்துகொள்வார். ஆனாலும் தன் கைவேலையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இருபத்தைந்து வருடத்தில் அவர் கைபட்ட முகத்தைக் குறை சொன்னது ஒரே ஓர் ஆள். அதுவும் ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அதை அன்றே தள்ளிவிட்டார்.

மேஜையில் கிடந்தவன் சாரத்திலிருந்து தவறி விழுந்த கட்டட வேலைக்காரன். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவன். மேஸ்திரி வந்து அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மனைவி மூன்று நாள் பயணம் செய்து இன்று காலைதான் வந்து சேர்ந்தாள். இந்த மொழியில் அவளுக்குத் தெரிந்ததே பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான்.

முகத்தில் ஒரு பக்கம் நல்ல அடி. மெழுகு வைத்து மேடு பள்ளத்தை நிரவியிருந்தார். புருவத்தின் குறுக்கே பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதுவும் அசிங்கமாகத்தானே தெரியும் என்று சேர்த்து மூடிவிட்டார்.

பிறகு பூச்சு. பெட்டியில் இருப்பது மூன்றே டப்பாக்கள். முதல் நம்பர் வெள்ளை, இரண்டாம் நம்பர் சிவப்பு, மூன்றாம் நம்பர் மாநிறம். அதற்கு மேல் கறுத்த ஆளுக்கு டப்பா கிடையாது. கம்பெனி அனுப்பியதில்லை, அவரும் கேட்டதில்லை.

இவன் நல்ல கறுப்பு. மூன்றாம் நம்பரை இரண்டு தடவை பூசினார். கடைசியாகப் போகும்போதாவது மனுஷன் கொஞ்சம் களையாகப் போகட்டுமே என்று, யாரும் கேட்காமலே அவர் செய்யும் உபகாரம் அது.

பிணவறைக் காவலர் காகிதங்களை நீட்டினார். பெயர், வயது, வேலை அட்டையின் நகல் எல்லாம் சரியாக இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் மாறிப்போவது சகஜம்தானே என்பதுபோல் கையை ஆட்டினாள்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பையைத் துழாவிப் போனை எடுத்தாள். அவள் மொழி பவுடர்காரருக்குப் புரியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக அவள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தைக்கு, அந்தப் பக்கம் சின்னக் குரல்கள் கூச்சல் போட்டன. அது மட்டும் நன்றாகவே புரிந்தது.

முகத்துக்கு மேலே போட்ட பூச்சு ஒரு குடும்பத்தையே கூத்தாட வைத்துவிட்டது என்று அவருக்கு உறைத்தபோது, அவள் வாசல் வரை போய்விட்டாள்.

போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தார். எப்படியும் தெரியத்தான் போகிறது, அதை வேறு யாராவது சொல்லித் தொலைக்கட்டும். ஆனால் அவள் இந்த வாசலைத் தாண்டிவிட்டால் இவன் கேட்பாரற்ற பிணமாகிவிடுவான். அவளோ உயிரோடு இல்லாத ஒருவனைத் தெருத்தெருவாகத் தேடுவாள்.

நில்லும்மா என்று கூப்பிட்டார். துணியைத் தண்ணீரில் நனைத்தார். தன் வேலையைத் தன் கையாலேயே அழிப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

நெற்றியில் ஓர் இழுப்பு. உள்ளேயிருந்து கறுப்பு வந்தது. கன்னத்தில் ஒன்று. புருவத்து மெழுகைச் சுரண்டி எடுத்ததும் தழும்பு வெளியே வந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சின்னக் குரல்கள் இன்னும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

பிறகு அவள் திரும்பி மேஜையருகே வந்து, அவர் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். மீதி முகத்தை அவளே துடைத்தாள். காது மடல், தாடை, உதட்டோரம் என்று ஓர் இடம் விடாமல், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தாள்.

பவுடர்காரர் தொட்டியடிக்குப் போய்க் கையைக் கழுவினார். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் மாநிறம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவர் மனைவியும் நல்ல கறுப்பு. அவரைப் பெற்றவள் சாகும்வரை சொல்லிச் சொல்லிக் காட்டிய கறுப்பு. மனைவி இறந்தபோது வேறு யாரையும் தொடவிடாமல் அவரே பூசிவிட்டார். இரண்டு பூச்சு அல்ல, மூன்று. பார்க்க வந்தவர்களெல்லாம் எவ்வளவு களையாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐந்து வயது மகள் மட்டும் கிட்டே வரவில்லை. கதவோரம் நின்றபடி, "இது அம்மா இல்லப்பா" என்றாள்.

கடைசி முத்தம்கூடக் கொடுக்காமல் அடம்பிடிக்கிறாளே என்று, எல்லார் முன்னாலும் அவளை ஓர் அறை அறைந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் வீட்டில் அழைப்பு மணி அடித்தால், யார் என்ன சொன்னாலும் கேட்காமல், போட்டது போட்டபடி கதவைத் திறக்க ஓடுவது அவள்தான்.