யார் வீட்டுக் கஞ்சி

நர்கீஸ் மறுபடியும் அடுப்பை அணைத்துவிட்டாள். சிவனம்மாள் அரிசி நொய்யைக் களைந்துகொண்டு திரும்புவதற்குள், கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஓரமாக நின்றாள்.

சிவனம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டுக்காரி வந்து அடுப்பில் கை வைத்தால் யாருக்குத்தான் வராது?

“நர்கீசு, நான் வெரசா ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெளையாடாத.”

“நான் கஞ்சி காச்சிக் கொண்டாந்துட்டேன்க்கா. நீங்க வைக்க வேணாம்.”

வாசற்படிக்கு உள்ளே பெரிய தூக்குவாளி ஒன்று உட்கார்ந்திருந்தது. மூடி இடுக்கு வழியாகப் பூண்டும் வெந்தயமும் மணத்தன. அந்த மணம்தான் சிவனம்மாளுக்கு ஆகாது.

போன நோன்பு மாசம் நர்கீஸ் கொடுத்தனுப்பிய கஞ்சியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “கஞ்சின்னா இதுடி. நீ வைக்கிறது கஞ்சியா, போஸ்டர் ஒட்டுற பசையா?” என்று கேட்டுவிட்டார் பொம்மையன். விளையாட்டாகத்தான் கேட்டார். கட்டிய பெண்டாட்டி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வாளா என்ன? நாகல் நகர் சந்தில் எதிரும் புதிருமாகக் குடியிருந்துகொண்டு, அவள் நர்கீஸிடம் முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாள் ஆயிற்று.

அந்த மனுசர்தான் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். குடலில் ஆபரேஷன் முடிந்து மூக்கில் குழாயோடு கிடந்தவருக்கு, நேற்று சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். “காலையில கஞ்சி குடுக்கலாம்மா. நல்லாக் கொழைய வச்சு, வடிகட்டிக் கொண்டுவாங்க” என்று நர்ஸ் சொன்னதும், சிவனம்மாளுக்கு அந்தப் பெண்ணின் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

துணைக்கு மகன் செழியனை விட்டுவிட்டு, கஞ்சி வைக்கவென்றே வீட்டுக்கு வந்தாள். கிளம்பும்போது பொம்மையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “ஒன் கையால வச்சுக் கொண்டா” என்றார். இத்தனை நாள் மனத்தாங்கலும் அதோடு போயிற்று. அவருக்கு முதல் வாய் தன் கஞ்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

மேற்கொண்டு என்னென்ன கஞ்சி என்பதுகூட அவள் மனசில் தயாராக இருந்தது. இன்றைக்குச் சீரகம் தட்டிப் போட்ட நொய்க்கஞ்சி, உப்பு பட்டும் படாமலும். கொஞ்சம் தெம்பு வந்ததும், கருப்பட்டி போட்டு உளுந்தங்கஞ்சி. வீட்டுக்கு வந்துவிட்டாரென்றால் கம்பங்கூழைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார், அதுவும் சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும் பக்கத்தில் இல்லாமல் அவருக்கு இறங்காது. கருவாட்டுக்கு டாக்டர் சம்மதிப்பாரா என்று இப்போதே கவலைப்பட்டாள்.

“ஒன் கஞ்சியில தேங்காப்பால் கெடக்கும். அவுகளுக்கு ஆகாது” என்றாள் கொஞ்சம் விறைப்பாக.

“இது அண்ணனுக்கு இல்லக்கா. ஒங்களுக்கு. மொதல்ல ஒரு டம்ளர் குடிங்க.”

“நல்லாருக்கே. அவுக வாயில ஒரு வாய் போகாம எனக்கு எறங்குமா?”

நர்கீஸ் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். சிவனம்மாள் கையை நீட்டவில்லை.

“இம்புட்டுக் கஞ்சி எதுக்குடி? நான் ஒருத்திதான இருக்கேன்.”

“வர்றவுகளுக்கும் ஆகும்லக்கா.”

வர்றவுகளுக்காம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிற சனத்துக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று சிவனம்மாளுக்குப் பட்டது. சாகக் கிடந்து பிழைத்த மனுசனுக்கு முன்னாலும் இவளுக்குப் போட்டிதானா என்று வயிறு எரிந்தது.

கஞ்சிக்குச் சீரகம் போடலாமா என்று நர்ஸிடம் கேட்கச் சொல்லலாமென்று செழியனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. பாவம், அப்பன் பக்கத்தில் ராத்திரி முழுக்க முழித்திருந்தவன், செத்த நேரம் கண் அசரட்டும் என்று விட்டுவிட்டாள்.

நர்கீஸின் புருசன் இஷாக் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். “தம்பி, வண்டிய எடுத்து வையி. ஒரு கொதி வந்ததும் எறக்கிட்டு வாரேன்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“சரிக்கா” என்றவன், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

புருசனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பாத்திரத்தை ‘ணங்’கென்று அடுப்பில் வைத்து, லைட்டரை எடுத்தாள். நர்கீஸ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கு மேல் சிவனம்மாளால் பொறுக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“ஒனக்கு என்னடி பாவம் செஞ்சேன்? எம் புருசனுக்கு நான் ஒரு வாய் கஞ்சி வைக்கக் கூடாதா?”

நர்கீஸ் லைட்டரை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

“இன்னைக்கு ஒங்க வீட்ல அடுப்பு எரியக் கூடாதுக்கா.”