முதல் காசு

தேர்வுக் கட்டண வரிசையில் நின்றபடியே குமணன் கைப்பேசித் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மா அனுப்பிய கட்டணப் பணத்தைக் காலையிலேயே எக்ஸ்சேஞ்சில் போட்டு, கிரிப்டோ நாணயமாக்கி, புத்தம்புது வாலட்டுக்கு அனுப்பியிருந்தான். மதியத்துக்குள் இரட்டிப்பாகும் என்பது அவன் கணக்கு. வாலட் இப்போதுதான் உயிர்பெற்றது. வாழ்த்துச் சொல்லித் திரை முழுக்கப் பூத் தூவியது. அடியில் பொடி எழுத்தில், வாலட் உயிரோடிருக்க இந்தத் தொகை உள்ளேயே கிடக்க வேண்டும், எடுக்க இயலாது என்றது.

"எடுத்தியா இல்லியாடா? கவுன்ட்டரை மூடப்போறாங்க," என்று வரிசையில் பின்னால் நின்ற நண்பன் ரியாஸ் இடித்தான்.

குமணன் அம்மாவை அழைத்தான். "காசு பர்ஸ்ல மாட்டிக்கிச்சும்மா."

"எந்தப் பர்ஸுடா?"

"போனுக்குள்ள இருக்கிற பர்ஸு. இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன்."

"எதுக்குள்ள இருந்தா என்ன, புதுப் பர்ஸ்ல போட்ட மொதக் காசை எடுக்கவே கூடாது. லட்சுமி போயிடுவா. வேற காசைக் கட்டு."

"சரிம்மா."

முன்னால் நின்றவன் ரசீதை மடித்துக்கொண்டே விலகினான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. குமணன் அதில் கைப்பேசியை வைத்தான். பூ இன்னும் விழுந்துகொண்டிருந்தது.