உறையைத் திருப்பிக் கேட்க வந்தவள்

ரோனா வீட்டு மணியை அழுத்திய பிறகுதான், கையில் பழரொட்டிப் பொட்டலத்தோடு வந்து நிற்பது எவ்வளவு கேவலம் என்று ஐலீனுக்கு உறைத்தது.

ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்ந்தவள். அதற்காக, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகும்போதுமா ரொட்டி வாங்குவார்கள்?

ஆயிரத்து எண்ணூறு பவுண்டு. ஏப்ரலில் இவளே உறையில் போட்டு, இதே வாசலுக்கு வந்து, ரோனாவின் கையில் திணித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டாள். அன்று இந்த மூன்று மாடி இறங்கும்போது, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இருவரும் கிரீனக் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். அங்கே பன்னிரண்டு பெண்களை வைத்து வாரச் சீட்டு நடத்தியவள் ரோனா. ஐலீன் மூன்று பங்கு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி மூன்றையும் முதல் மாதத்திலேயே எடுத்துக்கொண்டாள். அப்புறம் கட்ட முடியவில்லை.

கடன் கழுத்தை நெரித்தபோது, ஊரில் பலரும் செய்வதுபோல அவளும் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். நான்கு வருஷம், முடிந்ததை மாதாமாதம் பொறுப்பாளர் என்று ஒருவரிடம் கட்ட வேண்டும். அவர் அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். கெடு முடிந்தால் மிச்சக் கடன் தள்ளுபடி, கையில் விடுதலைச் சான்றிதழ்.

கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் மூன்று வங்கிகளுக்குக் கீழே ரோனாவின் பெயர் இருந்தது. பவுண்டுக்கு, அதாவது நூறு பென்ஸுக்கு, ஒன்பது பென்ஸ் கிடைத்தது அவளுக்கு.

அந்தக் குளிர்காலத்திலேயே ரோனா சமையலறையை விட்டுப் போய், விடிகாலையில் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தோட்டம் வைத்திருந்த வீட்டைக் காலி செய்து இந்த மாடிக்கு வந்தாள். எல்லாம் தன் மூஞ்சியில் முழிக்கப் பிடிக்காமல்தான் என்று ஐலீன் முடிவு கட்டிக்கொண்டாள். கடைத்தெருவில் ரோனாவின் பச்சை மழைக்கோட்டு தெரிந்தால் எதிர்சாரிக்கு மாறிவிடுவாள்.

இந்த வருஷம்தான் அதிர்ஷ்டம் அடித்தது. பழைய வங்கிக் கடனோடு அவளுக்குத் தெரியாமலே ஒரு காப்பீட்டை ஒட்டி விற்றிருந்தார்களாம். அந்தப் பணத்தை வங்கி வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. சான்றிதழ் வந்து இரண்டு வருஷமாயிற்று, இனி வருவது தன் பணம்தானே? அப்படித்தான் நம்பினாள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுதுபார்த்தது போக, மிச்சத்தை அப்படியே ரோனாவிடம் கொண்டுபோனாள்.

போன வாரம் பொறுப்பாளரின் கடிதம் வந்தது. காப்பீடு பழைய கடனைச் சேர்ந்தது, ஆகவே திரும்பி வந்த பணமும் பழைய கணக்கைச் சேர்ந்தது. மூடிய கோப்பை மறுபடி திறந்திருக்கிறார்கள். முழுத் தொகையும் இருபத்தெட்டு நாளில் வந்து சேர வேண்டும்.

அதை ஒரு சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னாள். அப்படி ஒருவருக்கு மட்டும் கொடுத்திருக்கக் கூடாது, அவரிடமே கேட்டு வாங்கிக் கட்டுங்கள் என்றது ஒரு இளம் குரல். மரியாதையாகத்தான் சொன்னது.

கதவு திறந்தது. ரோனா முதலில் ரொட்டியைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ரொட்டியோட வந்தாலே ஏதோ கேக்கத்தான்டி. உள்ள வா."

ஐலீன் கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. அடுப்பங்கரையில் நின்று, கெட்டிலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பாதி கிடைத்தால்கூடப் போதும் என்றாள். மாதம் ஐம்பதாகத் திருப்பித் தருகிறேன் என்றாள். சீட்டு எடுத்தபோதும் தான் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது, பேசி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. காது மடல் வரை சுட்டது.

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

ரோனா திட்டவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, செத்துப்போன பேட்டரிகளுக்கும் மீன்கடை விலைப்பட்டியலுக்கும் அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி எடுத்தாள்.

"பணம் எங்கிட்ட இல்லடி. நீ குடுத்த மறுநாளே கொண்டுபோய்க் கட்டிட்டேன். ஒளிச்சு வச்சுக்க பயமா இருந்துச்சு."

யாரிடம் கட்டினாள் என்று கேட்க வாயெடுத்த ஐலீன், கடிதத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வேறொரு பொறுப்பாளரின் அலுவலகம். ஆனால் அதே மாதிரித் தாள், அதே மரியாதை. ஐலீன் என்பவர் ரோனாவுக்குத் தர வேண்டியிருந்த ஆயிரத்து எண்ணூறு பவுண்டு பெறப்பட்டது; ரோனாவுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அது பிரித்து வழங்கப்படும் என்று எழுதியிருந்தது.

ரோனா முதுகைத் திருப்பிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டி வெட்டும் கத்தியை வெகுநேரம் தேடினாள்.

கடிதத்தின் மேல் ஓரத்தில், ரோனா பத்திரத்தில் கையெழுத்திட்ட தேதி இருந்தது. ஐலீன் கையெழுத்துப் போட்டது ஒரு ஆகஸ்டில். இது அதே வருஷம் நவம்பர்.

நடுவில், அக்டோபரில், அந்தச் சீட்டு முடிந்தது. மற்ற பதினொரு பேருக்கும் ஒரு பென்னி குறையாமல் கைக்கு வந்ததாக ஐலீன் அப்போதே கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவள் யோசித்ததே இல்லை.