அந்த முடிவு இருக்கே

"படத்தோட முடிவே தெரியாம மேடையில ஏறி என்னத்தங்க பேசப் போறீங்க?" என்றாள் மனைவி, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

கண்ணாடிக் கடைக்காரர் வெறும் பனியனோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூக்குக் கண்ணாடி விற்பது அவருக்குத் தொழில். 'நல்ல சினிமா' சங்கத்துக்குத் தலைவராக இருப்பதுதான் வாழ்க்கை. பிடித்த படம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரே படத்தைத்தான் சொல்வார். சிக்கல் என்னவென்றால், அந்தப் படம் ஓடும்போது அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப யாராலும் முடியாது.

படம் தொடங்கும். ஒரு பெண் ஜன்னலைத் திறப்பாள். வெகுநேரம் மழையைப் பார்ப்பாள். ஜன்னலை மூடுவாள். அவ்வளவுதான், இவருக்குக் கண் சொக்கிவிடும். எத்தனை தடவை போட்டாலும் அதே கதி. ஆனால் தூக்கத்தில் ஒரு முடிவு தவறாமல் கனவாக வரும். தலை நரைத்துப்போன அதே பெண் ஒரு படகில் ஏறி, தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவாள். அதைப் பார்த்து அழுதபடியே விழித்துக்கொள்வார்.

சங்கத்தில் இதுவரை மாட்டிக்கொண்டதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் டீ வரும். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லோரும் "அந்த முடிவு இருக்கே..." என்று இழுத்துத் தலையை ஆட்டுவார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் ரசனை கெட்டவன் என்று பெயர் வந்துவிடும்.

அந்த வழக்கத்துக்குத்தான் பல் டாக்டர் வேட்டு வைத்துவிட்டார். அவர் துணைத் தலைவர். தலைவர் நாற்காலிமேல் வெகுநாளாக ஒரு கண். படத்தை எடுத்த இயக்குநரே ஆண்டு விழாவுக்கு வருகிறார் என்றதும், படத்தின் முடிவைப் பற்றித் தலைவர் அவர் எதிரில் விரிவாகப் பேசவேண்டும் என்று கமிட்டியில் தீர்மானமே போட்டுவிட்டார். பல்லைப் பிடுங்கிப் பழகிய கைக்கு நாற்காலியைப் பிடுங்குவதா கஷ்டம் என்று கடைக்காரர் உள்ளுக்குள் பொருமினார். இன்றைக்கு உளறினால் பதவி போகும். அதைவிட, மானம் போகும்.

"கனவுல வந்ததையே சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

படத்தை எடுத்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது எப்படி முடியும் என்று அவர் எரிந்து விழுந்தார். அப்படியானால் இப்போதே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம், தூங்காதபடி பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளிக்கொண்டே இருக்கிறேன் என்று அவள் சொன்னாள்.

போட்டார்கள். ஜன்னல் திறந்தது. மழை பெய்தது. ஜன்னல் மூடியது. கடைக்காரர் கண் விழித்தபோது படம் எப்போதோ முடிந்திருந்தது. கிள்ள வந்தவள் அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல படங்க," என்றாள், எழுப்பியதும். "இவ்ளோ நிம்மதியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு."

விழா அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் இயக்குநர். ஒல்லியான மனிதர், யார் வந்து பாராட்டினாலும் சங்கடமாகச் சிரித்தார்.

கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். உண்மையைச் சொல்லி இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த பல் டாக்டரைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஓடிவிட்டது. வந்தது வரட்டும் என்று கனவில் கண்டதை அப்படியே எடுத்துவிட்டார். நரைத்த தலை, படகு, துடுப்பு. துடுப்புப் போடுவதைக் கையாலேயே செய்தும் காட்டினார்.

பல் டாக்டர் எழுந்தார்.

"தலைவர் முக்கியமான ஒண்ண விட்டுட்டார்," என்றார் டாக்டர். "அந்தப் படகுல ஒரு நாய் இருக்கும். அத எப்படி மறந்தார்னுதான் தெரியல."

"அந்த நாய் கடைசியா ஒரு தடவை திரும்பிப் பார்க்குமே," என்று கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசை வக்கீல், நாயைவிடத் தூரத்தில் கேட்கும் ரயில் சத்தம்தான் தன்னை உலுக்கிவிட்டது என்றார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டமே உருகியது.

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாயும் ரயிலும் அவர் கனவில் வந்ததே இல்லை. அதனாலென்ன, படகு சரியாக இருக்கிறதே. தூக்கத்திலும் தன் ரசனை விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இனிச் செத்தாலும் நாற்காலியை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

இயக்குநர் மேடைக்கு வந்தார்.

"அந்த நடிகை பாதியில என்கூட சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதுவும் எடுக்கவே இல்ல. அவங்க ஜன்னல மூடுன பிறகு வர்ற ஒண்ணரை மணி நேரமும் வெறும் சுவரும் மழைச் சத்தமும்தான். யாராவது கேட்டா உண்மையச் சொல்லிடலாம்னு இருந்தேன். இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. விருதுதான் கொடுத்தாங்க."

இயக்குநர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இப்ப அவங்க மனசு மாறி, மீதியை நடிச்சுக் கொடுக்கறேன்னு வந்திருக்காங்க. முடிவுதான் கிடைக்காம தவிச்சுக்கிட்டிருந்தேன்," என்றவர் பல் டாக்டர் பக்கம் பணிவாகத் திரும்பினார். "டாக்டர், அந்த நாய் என்ன நிறம்னு மட்டும் சொல்லிடுங்க."