நிற்காத சீட்

“பாய், சீட் மறுபடியும் இறங்கிருச்சு.”

கோரிப்பாளையத்தில் அப்துல் லத்தீப்பின் சைக்கிள் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தார். இது ஏழாவது சனிக்கிழமை.

பக்கத்துத் தகரக் கடையில் வாளிக்கு அடி போட்டுக்கொண்டிருந்த சுலைமான் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“என்ன மச்சான், ஒரு சீட்டை நிறுத்தத் தெரியலையா உனக்கு?”

லத்தீப் பாட்டுக்குச் சைக்கிளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். அதுதான் சுலைமானுக்கு இன்னும் எரிச்சல். ஆளின் உடம்பு வாகு பார்த்துச் சைக்கிளைத் திருத்திக் கொடுப்பதில் லத்தீப்பை மிஞ்ச மதுரையில் ஆள் இல்லை என்று பேர். முதுகுவலி என்று வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பேர்தான் இப்போது இந்த ஒரு சீட்டால் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

“நேத்து வக்கீல் அய்யா புது சைக்கிளை டவுன் கடைக்குக் கொண்டு போயிட்டாரு, தெரியுமா? ‘லத்தீப் வச்ச சீட் ஒரு வாரம் தாங்காதாமே’ன்னு என்கிட்டயே கேக்குறாரு.”

“போனாப் போறாரு.” லத்தீப் கண்ணுச்சாமி பக்கம் திரும்பினார். “அய்யா, நீங்க ஏறி உக்காருங்க.”

கண்ணுச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜில்லா போர்டில் அம்மை குத்தும் உத்தியோகம். ஒத்தக்கடையைத் தாண்டி ஊர் ஊராகச் சைக்கிளில் அலையவேண்டும். சம்சாரம் போய் இரண்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது.

“குதிகாலைப் பெடல்ல வைங்க. முழங்கால் மடங்குது பாருங்க, மடங்கக் கூடாது. இடுப்பு எப்படி இருக்கு?”

“இழுக்குது பாய்.”

“பிடரி?”

“அதுவுந்தான்.”

“உள்ளங்கை மரத்துப் போகுதா?”

“லேசா.”

“ராத்திரி தூங்குறீங்களா?”

“எங்க பாய் தூக்கம்...”

அப்புறம் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். ஒரு வாரமாக உள்ளே கிடந்த பேச்சு.

“என்னையக் கண்டாலே ‘குத்துறவன் வாரான்’னு பிள்ளைகளத் தூக்கிட்டுக் கதவைச் சாத்துறாங்க. திங்கக்கெழமை ஒரு ஊர்ல தண்ணி கேட்டேன். உள்ள ஆள் பேசுற சத்தம் கேக்குது. ஒருத்தரும் வரல.”

பாவம், ஊருக்கு அம்மை வரக்கூடாது என்று அலைகிற மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

லத்தீப் ‘உம்’ கொட்டிக்கொண்டே சீட்டை உயர்த்தி, ஹேண்டிலை ஒரு விரக்கடை தூக்கி வைத்தார். நட்டை முடுக்கப் போகும்போது சுலைமான் வந்து குறுக்கே நின்றார்.

“தள்ளு மச்சான். நான் பாக்குறேன்.”

தகரம் அடித்துக் காய்ப்பேறிய கை. பல்லைக் கடித்து முடுக்கினார்.

“இனி யானை கட்டி இழுத்தாலும் இறங்காதுய்யா. இனிமே நீங்க இம்புட்டுத் தூரம் அலைய வேண்டியதில்ல!”

கண்ணுச்சாமியின் முகம் ஏனோ வாடிப்போனது. “ரொம்ப உபகாரம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை சரியாக வந்து நின்றார். சீட் இறங்கியிருந்தது!

சுலைமானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் முடுக்கினது எப்படி இறங்கும்?”

நன்றாகப் பார்க்கவேண்டும் என்று கேரியரில் இருந்த அம்மைப்பால் மருந்துப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். மூடி திறந்துகொண்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஸ்பேனர் தரையில் விழுந்தது.

கண்ணுச்சாமிக்கு உயிரே போய்விட்டது. சுலைமான் ஸ்பேனரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் லத்தீப் குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

“அடடே, இங்கயா இருக்கு! எட்டு நாளாத் தேடுறேன். போன வாரம் கைமறதியா உங்க பெட்டில போட்டுட்டேன் போல. கோவிச்சுக்கிறாதீங்க அய்யா. ம்... ஏறி உக்காருங்க. இடுப்பு எப்படி இருக்கு?”

கண்ணுச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிறகு மெல்லச் சொன்னார். பிடரி, உள்ளங்கை, தூக்கம் எல்லாம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

லத்தீப்பே பெட்டியை எடுத்துக் கேரியரில் கட்டிக் கொடுத்தார். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பியதும் சுலைமான் லத்தீப்பைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், அது உன் ஸ்பேனர் இல்ல. அந்தாளே கழட்டிட்டு வாராரு.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“ரெண்டாவது வாரத்துல இருந்து. நட்டுல வேற ஸ்பேனர் பட்ட தடம் கெடந்துச்சு.”

“ஊரே உன் வேலையைக் கேவலமாப் பேசுதே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா, அப்புறம் என்னத்தைச் சாக்கு வச்சு வருவாரு?”

சுலைமான் கடை மேஜையைத் துழாவினார்.

“அந்த ஸ்பேனர் எங்க?”

“பெட்டியைக் கட்டும்போது உள்ளயே திருப்பி வச்சுட்டேன் மாப்ள. அடுத்த சனிக்கெழமைக்கு அவருக்கு வேணும்ல?”