பொறுமையாகக் கேட்பவர்

பெண்களின் முறைப்பாடுகளைப் பொலிஸார் எப்படிக் கையாளுகிறார்கள் என்ற ஆய்வுக்காகத் தனுஷியா வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். அன்று கதவைத் திறந்தவள் மைதிலி. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"பேர், தொழில் ஒண்டும் எழுதமாட்டம், அக்கா. வீட்டுக்காரர் எப்பவாவது கைநீட்டியிருக்கிறாரா?"

மைதிலி சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"ஆரிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை. நீர்தான் முதல் ஆள்."

"பொலிசுக்குப் போகேல்லயா?"

"எப்பிடிப் போறது?"

தனுஷியா அவளுக்குத் தைரியம் சொன்னாள். "பயப்பிடாதேங்கோ. ஸ்டேசனில பெண்கள் பிரிவில தமிழ் கதைக்கிற பொலிஸ் மிஸ் ஒராள் இருக்கிறா. நான் சந்திச்ச பெண்கள் எல்லாரும் அவவைத்தான் புகழுகினம். எவ்வளவு நேரமெண்டாலும் பொறுமையாக் கேப்பாவாம். அங்க தமிழ் தெரிஞ்சது அவ ஒராள்தானாம். நாளைக்கே போங்கோ, உங்களையும் கேப்பா."

மைதிலி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அது நான்தான், தங்கச்சி," என்றாள். "நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"